சூரியப் படங்களில் விளிம்பைக் கண்டறியும் மென்பொருள்கள்: வரையறை, செயல்முறை, சரிபார்ப்பு

ஆய்வுச் சுருக்கம்

சூரியனின் முழுவட்டப் படத்திலிருந்து எந்த அளவீட்டைப் பெறுவதற்கும் அவ்வட்டத்தின் மையமும் ஆரமும் முதலில் தெரிந்திருக்க வேண்டும். இவ்விரண்டையும் தருவது விளிம்பைக் கண்டறியும் மென்பொருளாகும். சூரியன் திண்மப் பொருள் அன்று. ஆகவே அதன் விளிம்பு படத்தில் ஆயத்தமாகக் கிடக்கும் கோடு அன்று, ஒரு வரையறையின்வழிப் பெறப்படும் இடமாகும். மென்பொருள்கள் பின்பற்றும் முறைகளையும், வரையறை மாறும்போது அளவீடுகள் மாறும் பாங்கினையும், கோடைக்கானல் சூரிய ஆய்வகத்தின் நூற்றாண்டுத் தொகுப்பினை முன்வைத்து இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: சூரிய விளிம்பு, விளிம்பு மங்கல், வட்டப் பொருத்தம், சூரியப்புள்ளிகள், கோடைக்கானல், படச்செயலாக்கம்.

முன்னுரை

கோடைக்கானல் சூரிய ஆய்வகம் 1899-ஆம் ஆண்டில் நிறுவப்பெற்றது. அங்கு 1904 முதல் வெண்ணொளியிலும், 1907 முதல் கால்சியம் கே நிறமாலைக் கோட்டிலும், 1912 முதல் ஹைட்ரஜன் ஆல்பா கோட்டிலும் சூரியன் நாள்தோறும் படம்பிடிக்கப்பட்டு வந்துள்ளது. சூரியப்புள்ளிகளில் வளிமம் வெளிநோக்கிப் பாய்வதை ஜான் எவர்ஷெட் 1909-இல் கண்டறிந்ததும் இவ்வாய்வகத்தில்தான். ஒரே இடத்தில் நூற்றாண்டுக்கும் மேலாகத் தொடர்ந்த இத்தகைய பதிவுகள் உலகில் மிகச் சிலவே.

கண்ணாடித் தகடுகளிலும் ஃபிலிம்களிலும் இருந்த இப்பதிவுகளை இந்திய வானியற்பியல் நிறுவனம் பக்கத்திற்கு 4,096 படவணுக்கள் கொண்ட எண்முறைப் படங்களாக மாற்றியுள்ளது. எண்முறைப் படம் என்பது ஒளிச்செறிவு எண்களின் அட்டவணையே. அதில் எந்த எண் சூரியனுக்குரியது, எந்த எண் வானத்துக்குரியது என்பது எழுதப்பட்டிருப்பதில்லை. அதைப் பிரித்தறியும் முதற்படியே விளிம்பு காணல். பல்லாயிரம் படங்களுக்கு இதனைக் கையால் செய்தல் பெரும் உழைப்பைக் கோரும். அளப்பவர் மாறுந்தோறும் முடிவும் சற்றே மாறும். எனவே இப்பணி மென்பொருளிடம் ஒப்படைக்கப்படுகிறது. அவ்வாறு ஒப்படைக்கும்போது, மென்பொருள் எதனை விளிம்பு எனக் கொள்கிறது என்பதை ஆய்வாளர் அறிந்திருத்தல் இன்றியமையாதது.

1. சூரியனின் விளிம்பு என்பது யாது?

கண்ணுக்குச் சூரியவட்டத்தின் விளிம்பு கூர்மையாகவே தோன்றுகிறது. ஆனால் சூரியன் முழுவதும் வளிமத்தால் ஆனது. நாம் காணும் ஒளி வெளிப்படும் ஒளிமண்டலம் சில நூறு கிலோமீட்டர் தடிப்பே உடையது. புவியிலிருந்து நோக்கும்போது வானில் ஒரு விகலை, அதாவது பாகையின் 3,600-இல் ஒரு பங்கு, சூரியப் பரப்பில் ஏறத்தாழ 725 கிலோமீட்டரைக் குறிக்கும். ஒளிமண்டலத்தின் தடிப்பு ஒரு விகலைக்குள் அடங்கிவிடுவதால்தான் விளிம்பு கூர்மையாகத் தோன்றுகிறது.

வட்டத்தின் நடுவில் நம் பார்வைக்கோடு பரப்பிற்குச் செங்குத்தாகச் சென்று வெப்பமிக்க ஆழ்ந்த அடுக்குகளைத் தொடுகிறது. விளிம்பை நெருங்கும்போது அது சாய்வாகச் செல்வதால் வெப்பம் குறைந்த மேலடுக்குகளிலேயே நின்றுவிடுகிறது. இதனால் வட்டம் விளிம்பை நோக்கி மங்குகிறது. இதுவே விளிம்பு மங்கல் எனப்படுகிறது. பச்சை ஒளியில் விளிம்பின் ஒளிச்செறிவு நடுப்பகுதியின் ஒளிச்செறிவில் ஏறக்குறைய 40 விழுக்காடாகக் குறைகிறது. நீல ஒளியில் இம்மங்கல் மிகுதி, சிவப்பொளியில் குறைவு.

ஆகவே மையத்திலிருந்து வெளிநோக்கி ஒளிச்செறிவை வரைந்தால், அது முதலில் மெல்லத் தாழ்ந்து, பின் செங்குத்தாக வீழ்ந்து, இறுதியில் வானத்தின் மெல்லிய பின்னணி ஒளியில் அடங்கும். இவ்வீழ்ச்சியில் எப்புள்ளியை விளிம்பு எனக் கொள்வது? வீழ்ச்சி மிக விரைவாக நிகழும் இடத்தை, அதாவது வளைவுமாற்றப் புள்ளியை, விளிம்பாகக் கொள்வதே பெருவழக்கு. எனினும் அப்புள்ளி, கோட்பாட்டு மாதிரிகள் சூரியப் பரப்பு எனக் கொள்ளும் அடுக்கிற்கு ஏறத்தாழ 330 கிலோமீட்டர் மேலே அமைகிறது. சூரிய அதிர்வுகளிலிருந்து பெற்ற ஆரமும் விளிம்பை அளந்து பெற்ற ஆரமும் நெடுங்காலம் ஒத்துவராமல் இருந்ததற்கு இவ்வேறுபாடே காரணம் என 2008-இல் விளக்கப்பட்டது. பன்னாட்டு வானியல் ஒன்றியம் 2015-இல் சூரிய ஆரத்தின் பெயரளவு மதிப்பை 6,95,700 கிலோமீட்டர் என வகுத்தது. முன்னர் வழங்கிவந்த மதிப்பு ஏறத்தாழ 6,96,000 கிலோமீட்டர். இவ்விரு எண்களுக்கிடையே சூரியன் சுருங்கவில்லை; வரையறையே மாறியது.

அலைநீளம் மாறினாலும் விளிம்பு மாறும். கால்சியம் கே, ஹைட்ரஜன் ஆல்பா ஆகியவற்றின் ஒளி, ஒளிமண்டலத்திற்கு மேலுள்ள நிறமண்டலத்திலிருந்தும் வருவதால் அவற்றில் வட்டம் சற்றே பெரிது. மீப்புற ஊதாப் படங்களில் விளிம்புக்கு வெளியே சூரிய மகுடம் ஒளிர்வதால், விளிம்பில் ஒளி வீழ்வதற்கு மாறாக மிகுவதும் உண்டு. வெண்ணொளிக்கு எழுதப்பட்ட மென்பொருளை அப்படங்களுக்கு அப்படியே பயன்படுத்துதல் இயலாது.

2. விளிம்பில் நேரும் பிழை எவ்வளவு தொலைவு செல்லும்?

சூரியப்புள்ளி ஒன்று வட்டமையத்திலிருந்து எவ்வளவு விலகியுள்ளது என்பதை வட்டத்தின் ஆரத்தால் வகுத்து, அவ்விகிதத்தின் நேர்மாறு சைன் மதிப்பைக் காண்பதன்வழி, கோளப்பரப்பில் அதன் கோண விலக்கம் பெறப்படுகிறது. மென்பொருள் தந்த ஆரம் உண்மையைவிட 1 விழுக்காடு மிகுதி எனக் கொள்வோம். விகிதம் 0.2 ஆக உள்ள நடுப்பகுதிப் புள்ளியின் கோணம் 11.54 பாகைக்கு மாறாக 11.42 பாகை எனக் கிடைக்கும், பிழை 0.12 பாகையே. விகிதம் 0.9 ஆயின் 64.2 பாகைக்கு மாறாக 63.0 பாகை கிடைக்கும். பிழை 1 பாகைக்கும் மேல். விகிதம் 0.98 ஆயின் பிழை ஏறத்தாழ 2.5 பாகையாக வளர்ந்துவிடும்.

பரப்பளவில் விளைவு இதனினும் பெரிது. விளிம்பருகே உள்ள புள்ளிகள் சாய்வாகத் தெரிவதால் குறுகித் தோன்றுகின்றன. அதனைச் சரிசெய்ய, தோற்றப் பரப்பைக் கோணத்தின் கோசைன் மதிப்பால் வகுத்து, அரைக்கோளப் பரப்பின் பங்காகக் குறிப்பது மரபு. மேற்கண்ட அதே 1 விழுக்காட்டுப் பிழையினால் திருத்திய பரப்பளவு நடுப்பகுதியில் 2 விழுக்காடும், 0.9 விகிதத்தில் ஏறத்தாழ 6 விழுக்காடும், 0.98 விகிதத்தில் ஏறத்தாழ 19 விழுக்காடும் குறைந்து கிடைக்கும்.

சுழற்சி வேகமும் பிழைபடும். நடுக்கோட்டருகே உள்ள ஒரு புள்ளி, நடுநெட்டாங்கிலிருந்து 50 பாகையில் தொடங்கி ஒரு நாளில் 63.2 பாகைக்கு நகர்கிறது எனக் கொள்க. ஆரம் 1 விழுக்காடு மிகையாயின் அதன் ஒருநாள் நகர்வு 13.2 பாகைக்கு மாறாக 12.8 பாகை எனப் பதிவாகும். சூரியச் சுழற்சி வேகம் பதினோராண்டுச் சுழலில் சிறிதளவே மாறுவது. அச்சிறு மாற்றத்தைத் தேடும் ஆய்வில் 3 விழுக்காட்டுப் பொய்க்குறைவு முடிவையே தலைகீழாக்கக்கூடும். ஆரம் 1,000 படவணு உள்ள படத்தில் 1 விழுக்காடு என்பது 10 படவணுக்களே என்பதையும் இங்கு நினைவிற்கொள்ள வேண்டும்.

3. மென்பொருள் செயற்படும் முறை

3.1 விளிம்புப் புள்ளிகளைத் தேர்தல்

மிக எளிய முறை வரம்புமதிப்பு முறையாகும். குறித்த ஒளிச்செறிவுக்கு மேற்பட்ட படவணுக்கள் சூரியனுக்கும், எஞ்சியவை வானத்துக்கும் உரியன எனக் கொள்ளப்படும். இம்முறை விரைவானது. ஆனால் ஒளியேற்ற நேரம், தகட்டின் உணர்திறன், மெல்லிய முகில் ஆகியவை மாறும்போது அதே வரம்புமதிப்பு வேறோர் இடத்தில் விளிம்பை வைக்கும். முதற்கட்ட மையத்தைத் தோராயமாகப் பெறுவதற்கு இது போதும். இறுதி அளவீட்டிற்குப் போதாது.

இரண்டாவது, சரிவு முறை. அடுத்தடுத்த படவணுக்களுக்கிடையே ஒளிச்செறிவு மாறும் வீதத்தைக் கணக்கிட்டு, அது மிகுந்திருக்கும் இடத்தை விளிம்பாகக் கொள்வது இது. சோபல் வடிப்பான் இவ்வகையினது. ஜான் கேனி 1986-இல் வெளியிட்ட முறை, படத்தை முதலில் மென்மையாக்கி, சரிவின் உச்சப் புள்ளிகளை மட்டும் மெல்லிய கோடாக நிறுத்தி, இரு வரம்புமதிப்புகளால் வலுவற்ற துண்டுகளை நீக்குகிறது. ஆனால் இம்முறைகள் சூரியனின் விளிம்பை மட்டும் தனியே அறிவதில்லை. சூரியப்புள்ளியின் எல்லை, தகட்டின் கீறல், முகிலின் ஓரம், தகட்டில் எழுதப்பட்ட எழுத்து ஆகிய அனைத்தையும் அவை விளிம்பு என்றே காட்டும்.

மூன்றாவது, ஆரைவழி முறை. தோராய மையத்திலிருந்து எல்லாத் திசைகளிலும் ஆரைக்கோடுகளை வரைந்து, ஒவ்வொன்றின்மீதும் ஒளிச்செறிவின் வீழ்ச்சியை ஆராய்ந்து, வளைவுமாற்றப் புள்ளியைப் படவணுவின் சிறு பின்னம்வரை கணக்கிடுவது இது. தேடல் எதிர்பார்க்கும் ஆரத்தை ஒட்டிய குறுகிய வளையத்திற்குள் நடப்பதால், உட்புறப் புள்ளிகளும் வெளிப்புறக் கறைகளும் குறுக்கிடுவது குறையும்.

3.2 வட்டத்தைப் பொருத்துதல்

சில நூறு விளிம்புப் புள்ளிகள் கிடைத்தபின், அவற்றுக்கு மிகவும் இசைந்த வட்டம் தேடப்படுகிறது. வட்டச் சமன்பாட்டை விரித்தெழுதினால் அது நேரியல் வடிவம் பெறும். மீச்சிறு வர்க்க முறையால் மையமும் ஆரமும் ஒரே கணக்கீட்டில் கிடைத்துவிடும். முழு வட்டமும் தெரியும் படங்களுக்கு இது நன்கு பயன்படும். வட்டத்தின் சிறு வில் மட்டுமே தெரியும் படங்களில் இது ஆரத்தை உண்மையைவிடக் குறைத்துக் காட்டும் இயல்புடையது. அந்நிலையில் புள்ளிகளின் உண்மைத் தொலைவையே சிறுமமாக்கும் வடிவியல் பொருத்தம் ஏற்றது. படத்தின் அளவுமானமும் படம் எடுத்த நாளும் தெரிந்திருப்பின், ஆரத்தை நிலைப்படுத்திக்கொண்டு மையத்தை மட்டும் தேடுவது மேலும் உறுதியான வழி.

3.3 பொருந்தாப் புள்ளிகளை விலக்குதல்

மீச்சிறு வர்க்க முறை எல்லாப் புள்ளிகளையும் நம்புகிறது. ஆகவே பிழையான புள்ளிகள் சிலவே இருப்பினும் வட்டம் அவற்றை நோக்கி இழுக்கப்படும். இதனைத் தவிர்க்க இரு வழிகள் உள்ளன. ஒன்று, ஹஃப் உருமாற்றம். ஒவ்வொரு விளிம்புப் புள்ளியும் தன்வழியே செல்லக்கூடிய எல்லா வட்டங்களுக்கும் ஒரு வாக்கு அளிக்கும். மிகுதியான வாக்குப் பெற்ற வட்டம் ஏற்கப்படும். குமிழறைப் படங்களில் துகள்களின் தடங்களைக் காண்பதற்காகப் பால் ஹஃப் உருவாக்கி 1962-இல் காப்புரிமை பெற்ற இம்முறையை, டுடாவும் ஹார்ட்டும் 1972-இல் பொதுவடிவுக்குக் கொணர்ந்தனர். மற்றொன்று, ஃபிஷ்லரும் போலஸும் 1981-இல் வெளியிட்ட சமவாய்ப்புத் தேர்வு முறை. மூன்று புள்ளிகளைச் சமவாய்ப்பில் எடுத்து, அவற்றின்வழி ஒரு வட்டம் வரைந்து, எத்தனை புள்ளிகள் அதனோடு ஒத்துவருகின்றன எனப் பலமுறை எண்ணிப் பார்ப்பது இது. ஒத்துவந்த புள்ளிகளை மட்டும் கொண்டு இறுதிப் பொருத்தம் செய்யப்படும்.

சூரிய இயற்பியலாளர்கள் நெடுங்காலம் பயன்படுத்திவரும் சோலார்சாஃப்ட் தொகுப்பில் விளிம்பு காணும் நிரல்கள் உள்ளன. பைத்தான் மொழியில் எழுதுவோர் சன்பை, ஓப்பன்சிவி, சைகிட்-இமேஜ் ஆகிய கட்டற்ற தொகுப்புகளைக் கொண்டு மேற்கண்ட படிகள் அனைத்தையும் அமைத்துக்கொள்ளலாம். கருவிகள் எளிதில் கிட்டுகின்றன; எதனை எங்குப் பயன்படுத்துவது என்னும் தெளிவே ஆய்வாளர் கொண்டுவர வேண்டியது.

4. பழந்தகடுகள் எழுப்பும் சிக்கல்கள்

2010-இல் ஏவப்பட்ட சூரிய இயக்கவியல் ஆய்வுக்கலம் போன்ற விண்கலங்களின் படங்களில் வளிமண்டலக் குறுக்கீடு இல்லை. அதன் ஹெச்எம்ஐ கருவியின் படங்களில் ஒரு படவணு ஏறத்தாழ அரை விகலை. சூரிய ஆரம் சுமார் 1,900 படவணுக்கள். மையமும் ஆரமும் படக்கோப்பின் தலைப்பிலேயே எழுதப்பட்டிருக்கும். நூற்றாண்டுப் பழமையுடைய தகடுகளின் நிலை வேறு.

முதலாவதாக, நிலத்திலிருந்து எடுக்கும் படத்தில் வளிமண்டலக் கலக்கம் விளிம்பை அகலப்படுத்துகிறது. விளிம்பு மங்கல் காரணமாக உட்புறமும் வெளிப்புறமும் சமச்சீராக இல்லாமையால், அகலப்படும்போது வளைவுமாற்றப் புள்ளி மையத்தை நோக்கி நகர்கிறது. எனவே காட்சித் தெளிவு குன்றிய நாளில் ஆரம் குறைந்து கிடைக்கும்.

இரண்டாவதாக, வளிமண்டல ஒளிவிலகல் வட்டத்தை மேல்கீழாகத் தட்டையாக்குகிறது. கடல்மட்டத்தில் சூரியன் 30 பாகை உயரத்தில் இருக்கும்போது அதன் செங்குத்து விட்டம் ஏறத்தாழ 2 விகலை குறைகிறது. அடிவானில் ஆறில் ஒரு பங்களவு குறைகிறது. காலை வேளையில் எடுக்கப்பட்ட படங்களுக்கு இதனைக் கணக்கிட்டுத் திருத்த வேண்டும்.

மூன்றாவதாக, கால்சியம் கே, ஹைட்ரஜன் ஆல்பா படங்கள் நிறமாலைச் சூரியவரைவியால் எடுக்கப்பட்டவை. இக்கருவியில் ஒரு குறுகிய பிளவு சூரிய உருவத்தின் குறுக்கே மெல்ல நகர்ந்து படத்தைக் கீற்றுக் கீற்றாக உருவாக்குகிறது. நகர்ச்சி வேகம் சீராக இல்லையெனில் வட்டம் நீள்வட்டமாகும். விளிம்பு நெளிவதும் உண்டு. இத்தகடுகளுக்கு வட்டத்தை மட்டும் பொருத்துவது வடிவப் பிழையை மறைத்துவிடும். நீள்வட்டத்தைப் பொருத்தி, அதன் இரு அச்சுகளையும் பதிவுசெய்தலே முறை. விளிம்பில் ஒளிரும் பகுதிகளும் விளிம்புக்கு மேலெழும் சுடர்க்கொழுந்துகளும் இப்படங்களில் புள்ளிகளை வெளிநோக்கி இழுப்பதால், 3.3-இல் கூறிய விலக்கல் முறையும் தேவைப்படுகிறது.

நான்காவதாக, ஒளிப்படக் குழம்பு ஒளிக்கு நேர்விகிதத்தில் கருமை கொள்வதில்லை. அளவுத்திருத்தம் செய்யாத கருமைமதிப்பில் காணும் விளிம்பும், ஒளிச்செறிவாக மாற்றியபின் காணும் விளிம்பும் ஒரே இடத்தில் அமைய வேண்டியதில்லை.

5. வரையறை உணரப்படாமையால் எழுந்த இரு விவாதங்கள்

விளிம்பு பற்றிய தெளிவின்மை எவ்வளவு பெரிய முடிவுகளுக்கு இட்டுச்செல்லும் என்பதற்கு அண்மை வரலாற்றில் இரு சான்றுகள் உள்ளன. இவை கணினிப்படங்களுக்கு முற்பட்ட அளவீடுகள்; எனினும் இவற்றின் படிப்பினை மென்பொருளுக்கும் பொருந்தும்.

1967-இல் ராபர்ட் டிக்கியும் மார்க் கோல்டன்பர்க்கும் சூரியன் துருவங்களில் தட்டையாக உள்ளது என்றும், அத்தட்டைமை ஒரு இலட்சத்தில் ஐந்து பங்கு என்றும் அறிவித்தனர். அது உண்மையாயின், புதன் கோளின் சுற்றுப்பாதை நூற்றாண்டுக்கு 43 விகலை திரும்புவதில் ஒரு பகுதிக்குச் சூரியனின் வடிவமே காரணமாகும். ஐன்ஸ்டைனின் பொதுச் சார்பியலுக்குச் சான்றாக நின்ற ஒப்புமை குலையும். அவர்களின் கருவி, சூரியவட்டத்தை மறைக்கும் தட்டுக்கு வெளியே கசியும் விளிம்பொளியை அளந்தது. நடுக்கோட்டை ஒட்டிய பகுதியில் ஒளிர்திட்டுகள் மிகுந்தால் அங்கு ஒளி மிகும். ஒளி மிகுந்ததை வடிவம் புடைத்ததாகக் கொள்ளும் இடர் அதில் இருந்தது. ஹென்றி ஹில் குழுவினர் 1975-இல் வளிமண்டலக் கலக்கத்தால் எளிதில் பாதிக்கப்படாத விளிம்பு வரையறை ஒன்றை வகுத்து, தட்டைமை மிகச் சிறிது எனக் காட்டினர். பின்வந்த விண்கல அளவீடுகள் ஒளிர்திட்டுகளின் விளைவை நீக்கியபின், நடுக்கோட்டு ஆரத்திற்கும் துருவ ஆரத்திற்கும் உள்ள வேறுபாடு ஏறத்தாழ 8 மில்லி விகலை எனக் கண்டன. இது ஒரு இலட்சத்தில் ஒரு பங்கிற்கும் குறைவு.

1979-இல் ஜான் எடியும் ஆரம் பூர்னாசியனும் கிரீனிச் ஆய்வகத்தின் நெடுங்காலப் பதிவுகளைக் கொண்டு, சூரியன் நூற்றாண்டுக்குச் சுமார் 0.1 விழுக்காடு சுருங்கிவருவதாக அறிவித்தனர். அப்பதிவுகள் பல தலைமுறை நோக்கர்கள் கண்ணால் விளிம்பைக் கணித்து எழுதியவை. அடுத்த ஆண்டே இர்வின் ஷாபிரோ, 1736 முதல் 1973 வரை நிகழ்ந்த புதன் கடப்புகளின் கால அளவுகளை ஆராய்ந்து, அத்தகைய சுருக்கம் இல்லை எனக் காட்டினார். கடப்பின் கால அளவு நோக்கரின் விளிம்புக் கணிப்பை அந்த அளவுக்குச் சார்ந்ததன்று. மாறியது சூரியன் அன்று, அளந்த முறையே என்ற முடிவுக்கு அறிவுலகம் வந்தது.

6. சரிபார்க்கும் வழிகள்

கோடைக்கானல் போன்ற தொகுப்பில் விளிம்பு மென்பொருளைச் சோதிக்க இயற்கையே ஓர் அளவுகோலைத் தந்துள்ளது. புவியின் சுற்றுப்பாதை நீள்வட்டமாதலால் சூரியனின் தோற்ற விட்டம் ஜனவரித் தொடக்கத்தில் ஏறத்தாழ 32.5 கலையாகவும், ஜூலைத் தொடக்கத்தில் ஏறத்தாழ 31.5 கலையாகவும் அமைகிறது. ஆண்டு முழுவதற்குமான படங்களில் மென்பொருள் காணும் ஆரம் இந்த 3 விழுக்காட்டு ஏற்ற இறக்கத்தைப் பின்பற்ற வேண்டும். கண்ட ஆரத்தை அந்நாளின் கணித்த ஆரத்தால் வகுத்தால் நேர்க்கோடு கிடைக்க வேண்டும். அக்கோட்டில் திடீர்ப் படி தோன்றினால் கருவியிலோ குவியத்திலோ மாற்றம் நேர்ந்திருக்கலாம். பருவந்தோறும் நெளிவு தோன்றினால் காட்சித் தெளிவோ ஒளிவிலகலோ காரணமாகலாம். சிதறல் மிகுந்தால் மென்பொருளே தடுமாறுகிறது.

இரண்டாவது சோதனை, எச்சங்களை நோக்குதல். ஒவ்வொரு விளிம்புப் புள்ளியும் பொருத்திய வட்டத்திலிருந்து எவ்வளவு விலகுகிறது என்பதைத் திசைவாரியாக வரைந்தால், சமவாய்ப்புச் சிதறலுக்கு மாறாக ஒழுங்கான அலை தெரியக்கூடும். சுற்றுக்கு ஓர் அலை எனில் மையம் பிழை. இரண்டு அலைகள் எனில் வட்டம் நீள்வட்டமாகியுள்ளது. மூன்றாவது, ஆரமும் மையமும் முன்பே தெரிந்த செயற்கைப் படங்களை உருவாக்கி, அவற்றில் விளிம்பு மங்கலையும் மங்கல்பரவலையும் இரைச்சலையும் சேர்த்து, மென்பொருள் மீட்டுத்தரும் மதிப்புகளை ஒப்பிடுதல்.

முடிவுரை

1. சூரிய விளிம்பு இயற்கையில் உள்ள கோடு அன்று. அலைநீளம், கருவி, கணக்கீட்டு முறை ஆகியவற்றோடு சேர்த்து வரையறுக்கப்படுவது.

2. ஆரத்தில் நேரும் 1 விழுக்காட்டுப் பிழை, விளிம்பருகே உள்ள சூரியப்புள்ளியின் பரப்பளவில் ஐந்தில் ஒரு பங்களவுப் பிழையாக வளரக்கூடும்.

3. தோராய மையத்திற்கு வரம்புமதிப்பு, புள்ளித் தேர்வுக்கு ஆரைவழி வளைவுமாற்றம், பொருந்தாதவற்றை நீக்கச் சமவாய்ப்புத் தேர்வு, இறுதியில் வட்ட அல்லது நீள்வட்டப் பொருத்தம் என்னும் வரிசை பழந்தகடுகளுக்கு ஏற்புடையது.

4. மையம், ஆரம் ஆகிய எண்களோடு, பின்பற்றிய விளிம்பு வரையறை, மென்பொருளின் பதிப்பு, எச்சத்தின் அளவு, ஒளிவிலகல் திருத்தம் செய்யப்பட்டதா என்னும் குறிப்பு ஆகியவற்றையும் ஒவ்வொரு படத்தின் தலைப்பிலும் பதிந்துவைத்தல் வேண்டும்.

2023 செப்டம்பரில் ஏவப்பட்ட ஆதித்யா-எல்1 விண்கலத்தின் தொலைநோக்கி, 200 முதல் 400 நானோமீட்டர் வரையிலான அலைநீளங்களில் சூரியனின் முழுவட்டத்தைப் படம்பிடிக்கிறது. அப்படங்களைக் கோடைக்கானலின் கால்சியம் கே தகடுகளோடு ஒப்பிட்டு நூற்றாண்டுத் தொடர்ச்சி காண விழையும் ஆய்வாளர், இரண்டிலும் விளிம்பு ஒரே பொருளில் கொள்ளப்பட்டுள்ளதா என்பதை முதலில் தெளிய வேண்டும். அது தெளியப்படாத ஒப்பீட்டில் தோன்றும் மாற்றம் சூரியனுடையதா, மென்பொருளுடையதா என்பதைப் பின்னர் எவராலும் பிரித்தறிய இயலாது.